செத்தவள் வீட்டுச் சம்மதம்

மூன்று சாலைகள் கூடும் முக்கில், தகரக் கூரைக்குக் கீழே, தேய்ந்த டயர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதையே சுவராக வைத்துக்கொண்டு பஞ்சர் கடை நடத்தினாள் அவள். ஊருக்கெல்லாம் பஞ்சர் அக்கா. அவள் கோபத்தில் ஒரு மூச்சு விட்டால் டிராக்டரின் பின்சக்கரத்துக்கே காற்று நிரம்பிவிடும் என்று சொல்வார்கள். அது பொய். முன்சக்கரம் வரைதான் நிரம்பும்.

கடையைத் தொடங்கியவன் அவள் புருஷன். டியூப் வாங்கிவருகிறேன் என்று ஒருநாள் பஸ் ஏறியவன் டியூபும் வாங்கவில்லை, திரும்பியும் வரவில்லை. "போனவன் பம்பை விட்டுட்டுப் போனானே, அந்த மட்டுக்கும் நல்லவன்" என்பாள். மறுநாளே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கடப்பாரைக் கம்பியால் டயரை நெம்ப உட்கார்ந்துவிட்டாள். பொம்பளை ஒட்டின ஒட்டு நிற்குமா என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் வண்டிகளையும் அவள்தான் ஒட்டினாள். ஒட்டு நின்றது, சிரிப்புதான் நிற்கவில்லை. பிறகு அதுவும் நின்றது.

அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் தங்கச்சி. தாயில்லாத வீட்டில் இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளை. கட்டிக்கொடுத்த இடமும் கூப்பிடு தூரம்தான் என்பதால் சின்னவள் முக்கால்வாசி நேரம் கடையில்தான் கிடப்பாள். டியூபைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்தே ஓட்டை எங்கே என்று சொல்லிவிடுவாள். தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்க்கவே வேண்டாம். "மாப்பிள்ளை கன்னத்தையும் இப்படித்தான் பரிசோதிக்கிறியாடி?" என்று அக்கா கேட்டால், "அங்க ஓட்டை ஒண்ணும் இல்லக்கா, எல்லாம் வாயிலதான்" என்பாள். புருஷன் கல்குவாரியில் வேலை பார்த்தான். மெல்லிசான மனுஷன்.

அந்த ஊரில் பிரசவத்தில் பெண்கள் சாவது புதிதல்ல. பெரிய ஆஸ்பத்திரி மேட்டுக்கு அப்பால். போகிற சாலை பாதி தார், மீதி கடவுள் விட்ட வழி. ஒரே வருஷத்தில் அடுத்தடுத்துச் சாவு விழுந்ததும் ஊர்கூடிச் சங்கம் வைத்தது. வீடுவீடாக வசூலித்துப் பழைய ஜீப் ஒன்று வாங்கியது. நல்ல காரியம்தான். வீட்டிலேயே பிள்ளை பெற்றால் சங்கத்துக்கு ஓர் ஆடு அபராதம் என்று விதியும் போட்டார்கள். பயந்தாவது ஆஸ்பத்திரிக்குப் போகட்டும் என்ற எண்ணம். அதையும் குறைசொல்ல முடியாது. ஆனால் ஜீப் வந்த புதிதில் கர்ப்பிணிகளைவிடக் கல்யாண வீட்டு அண்டா குண்டாக்களே அதில் அதிகம் போய்வந்தன. ஒரு மாமியார் மருமகளோடு சண்டை போட்டுவிட்டு, வலி வலி என்று வயிற்றைப் பிடித்தபடி ஏறி, மகள் வீட்டு வாசலில் ஜம்மென்று இறங்கிக்கொண்டாள். அவளுக்கு வயது அறுபதுக்கு மேல்.

சங்கம் மறுபடி கூடி மண்டையைக் குழப்பிக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தது. சாவி ஊரில் மதிப்பான ஒருவர் இடுப்பில் இருக்கும். வீட்டு ஆம்பளை நேரில் வந்து கேட்டால்தான் கொடுக்கப்படும். பெண் கேட்டால் பொய்வலியாகவும் இருக்கலாம், ஆண் வந்து கேட்டால் அவசரம் நிஜம் என்பது அவர்கள் கண்ட ஞானம். பாதி ஆம்பளைகள் பிழைப்புக்காக வெளியூரில் கிடக்கிற ஊரில் இப்படியொரு விதியைப் போட அந்தச் சங்கத்துக்குத்தான் மூளை இருந்தது.

சாவி போய்ச் சேர்ந்த இடுப்பு மரக்கடை முதலாளியுடையது. எல்லாரும் பெரியப்பா என்று அழைக்கிற மனிதர். சாவியை வெள்ளிச் சங்கிலியில் கோத்துக்கொண்டார். நடக்கும்போது அது கிண்கிணி என்று சத்தம் போடும். சாவிப் பெரியப்பா என்று பெயர் விழுந்தது. அதில் அவருக்குப் பெருமைதான்.

தங்கச்சிக்கு நாள் நெருங்குவதற்கு முன்பே, ஒரு பகல்பொழுதில், வலி வந்த வேகத்தில் பிள்ளையும் வந்துவிட்டது. பெண் குழந்தை. அழுதது, நன்றாகவே அழுதது. தாய்க்குத்தான் ரத்தம் நிற்கவில்லை. ஓடிவந்த ஊர் நர்ஸம்மா வயிற்றை அமுக்கிப் பிடித்தபடி, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும், ஜீப்பை எடுக்கச் சொல்லு என்றார். அக்கா கையிலிருந்த கிரீஸோடு ஓடினாள்.

பெரியப்பா சாப்பிட்டுவிட்டு வாசலில் சாய்வு நாற்காலியில் இருந்தார். மூல நோய் உள்ளவர் என்பதால் அடியில் பஞ்சு மெத்தை. வயிற்றின்மேல் சாவி. அவள் மூச்சு வாங்கச் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"ஆம்பளை யாரும் இல்லையா வீட்ல?"

"குவாரியில இருக்காரு பெரியப்பா. வர நேரமாகும். ரத்தம் நிக்கல."

"வரச் சொல்லும்மா. உனக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டம்னு வைக்க முடியுமா?"

அவள் காலில் விழுந்தாள். பெரியப்பா காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வேட்டியில் கிரீஸ் ஒட்டிவிடும். அவள் எழுந்து குவாரிக்கு சைக்கிளை மிதித்தாள். பாறைப்பொடியால் வெளுத்துப்போயிருந்த தங்கச்சி புருஷனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திரும்ப மிதித்தாள். ஆம்பளை முகத்தைப் பார்த்ததும் சாவி சங்கிலியிலிருந்து கழன்றது. ஜீப் பாலம் தாண்டும்போது தங்கச்சி அக்காவின் கையைத் தேடினாள். மேடு ஏறும்போது தேடவில்லை.

துக்கம் காயும் முன்னே சங்கத்து ஆள் வந்து தங்கச்சி வீட்டு ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போனான். வீட்டில் பிள்ளை பெற்றதற்கு அபராதம். அவனும் வருத்தத்தோடுதான் அவிழ்த்தான். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே என்று பெரியப்பா சொல்லி அனுப்பியிருந்தார். பஞ்சர் அக்கா கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆடு போகிற திசையையே பார்த்தாள். அழுது கரைக்கிறவர்கள் உண்டு. அவள் அழுகையை அப்படியே உள்ளே வைத்துக் காய்ச்சினாள். அது கெட்டியாகி, கெட்டியாகி, கடைசியில் ஒரே ஓர் ஆசையாக நின்றது: அன்றைக்கு வாசலில் சொன்னதை அந்த மனிதர் தன் வாயாலேயே ஊர் முன்னால் சொல்ல வேண்டும்.

தகப்பன் குவாரிக்குப் போக, குழந்தை பெரியம்மா கடையிலேயே தவழ ஆரம்பித்த சமயத்தில் சர்க்காரிடமிருந்து புதுச் சட்டம் ஒன்று வந்தது. பிரசவத்தில் யார் செத்தாலும் ஊர்கூட்டம் போட்டு, ஏன் செத்தாள் என்று வெளிப்படையாகப் பேச வேண்டும். செத்தவள் வீட்டார் கேட்கிற மாற்றத்தை ஊர் ஏற்று நடக்க வேண்டும். முந்தைய சாவுகளும் கணக்கில் உண்டு. பஞ்சர் அக்கா இதைக் கேள்விப்பட்டதும் டயர் நெம்பும் கம்பியைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினாள். அன்று கடைக்கு வந்தவர்கள் சற்றுத் தள்ளியே நின்றார்கள்.

பள்ளிக்கூடக் கட்டடத்தில் கூட்டம். சுகாதார அதிகாரி ஒருவர் வந்திருந்தார்; வெயிலில் கறுத்த, நிதானமான அம்மாள். எடுத்த எடுப்பிலேயே, இங்கே யாரும் யார் பெயரையும் சொல்லக்கூடாது, இது யாரையும் தண்டிக்கிற கூட்டம் இல்லை, பெயர் சொன்னால் அடுத்த சாவில் எல்லாரும் உண்மையை மறைப்பார்கள் என்று விளக்கினார். பஞ்சர் அக்காவுக்குச் சுருக்கென்றது.

"பாம்பு கடிச்சுதுன்னு சொல்லலாம், எந்தப் பாம்புன்னு சொல்லக்கூடாதா?"

"எந்தப் புத்துல கைய விட்டோம்னு சொல்லுங்க. இனிமே அங்க கைய விடாம இருக்கலாம்."

பெரியப்பா முன்வரிசையில் கும்பிட்ட கைகளோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்திலிருந்தவரிடம், என்னால் ஒரு உயிர் போயிருந்தால் சாவியை இப்போதே ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன் என்று எல்லார் காதிலும் விழும்படி மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒதுங்குவது! சாய்வு நாற்காலியில் சாய்ந்து, செய்த தியாகத்தை வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டு மீதிக் காலத்தைக் கழிப்பது! அவள் எழுந்து அவரைப் பார்த்தாள். பஞ்சு மெத்தையை வீட்டிலிருந்து கொண்டுவந்து அடியில் போட்டிருந்தார். அந்த மெத்தையைப் பார்த்த நொடியில்தான் அவளுக்கு வழி புலப்பட்டது.

குரலை வெண்ணெயாக்கிக்கொண்டாள். தப்பு சாவி மேலே இல்லை, கேட்கிற விதத்தில்தான் என்றாள். இனி எந்தப் பெண் வந்து கேட்டாலும் ஜீப் கிளம்ப வேண்டும். சாவி இருக்க வேண்டிய இடம் பெரியப்பாவிடம்தான். அவரைப்போலப் பொறுப்பான மனுஷர் ஊரில் யார் இருக்கிறார்? அந்தப் பொறுப்பு வழியில் விட்டுப்போகாமல் இருக்க, சாவி வைத்திருப்பவரே ஜீப்பில் கூடப்போய், தாயும் பிள்ளையும் வீடு திரும்பும்வரை ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். சாவி கைமாற வேண்டுமானால் செத்தவள் வீட்டுச் சம்மதம் வேண்டும். அவ்வளவுதான், வேறொன்றும் கேட்கவில்லை.

என்ன பெருந்தன்மை என்று கூட்டம் உருகியது. பெரியப்பாவே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகழ்ச்சி காது வழியே இறங்கி முடிக்கும்வரை அர்த்தம் அவருக்குப் பிடிபடவில்லை. நர்ஸம்மா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார். அதிகாரி எழுதிக்கொண்டார். சட்டம் சட்டம்தான்.

அதன் பிறகு அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பெரியப்பா இலையில் கைவைக்கிற நேரம் பார்த்தே பிறக்கத் தொடங்கின. இது அவர் சொன்ன புகார். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு அவர் வீட்டுச் சமையல் வாசனை எப்படித் தெரியும் என்று ஊர் கேட்டது. பஞ்சர் அக்கா ஊரில் முழுகாமல் இருந்த பெண்களையெல்லாம் கடைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லியிருந்தாள்: லேசாக இடுப்பு பிடித்தாலும் யோசிக்காதே, தலை சுற்றினாலும் யோசிக்காதே, போய்க் கதவைத் தட்டு. தட்டினார்கள். முதல் பிள்ளைக்காரி ஒருத்தி புளி ஏப்பத்துக்கே தட்டினாள். பெரியப்பா சவரம் பாதி முடிந்த கன்னத்தோடு ஜீப்பில் ஏறினார்.

ஜீப்புக்குக் காற்றடிப்பது யார்? அவள்தான். குலுக்கல் தெரியாமல் இருக்கக் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டுவதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். அப்படி ஓட்டித்தான் கண்ட கல்லிலும் டயர் கிழியும். இந்த ஜீப்புக்கு மட்டும் அவள் முழு அளவு அடித்தாள். ஒரு பொட்டுக் குறைவில்லை, ஒரு பொட்டு அதிகமும் இல்லை. பின்னால் படுத்திருக்கும் பெண்ணுக்குக் கெட்டியான மெத்தை தைத்துப் போட்டாள். முன் இருக்கையில் ஒன்றும் போடவில்லை. அதன் ஸ்பிரிங் வேறு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பாலத்துப் பள்ளத்தில் ஜீப் விழும்போது பெரியப்பா போடும் சத்தத்தில் பிரசவ வலிக்காரி தன் வலியை மறந்து எழுந்து பார்த்ததாக டிரைவர் சத்தியம் செய்தான். காற்றைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி அவர் ஆளனுப்பினால், "குறைச்சா பஞ்சராகும். பஞ்சரானா உயிர் போகும். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானேன்னு சொல்லு" என்று திருப்பி அனுப்பினாள்.

இங்கேதான் அவள் கணக்குக் கொஞ்சம் பிசகியது.

ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடக்கப் பிடிக்காத பெரியப்பா, சீக்கிரம் வீடு திரும்புவதற்காக அங்கே ரகளை செய்ய ஆரம்பித்தார். டாக்டர் எங்கே, ரத்தம் எங்கே, இன்னும் ஏன் உள்ளே கொண்டுபோகவில்லை என்று மரக்கடைக் குரலில் கத்துவார். கத்தலுக்குப் பயந்து கதவுகள் திறந்தன. நர்ஸுகள் ஓடினார்கள். அவர் கூட வந்த பெண்ணுக்குத்தான் முதலில் கட்டில் கிடைத்தது. நாளாக ஆக அவருக்கு முகத்தைப் பார்த்தே தெரிய ஆரம்பித்தது, எவள் வெளுக்கிறாள், எவளுக்கு ரத்தம் ஏற்ற வேண்டும் என்று. வருஷங்கள் போயின. ஊரில் பிரசவச் சாவு விழவில்லை. பெரியப்பா வந்தால்தான் ஏறுவேன் என்று பெண்கள் அடம்பிடித்தார்கள். பிறந்த பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஒரு கட்டத்தில் தெருவில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அரை டிராயர்கள் கும்பலாக ஓடிவந்தன.

பஞ்சர் அக்காவுக்கு வயிறு எரிந்தது. ஒருத்தியைக் கொன்றவன் ஊருக்கே தகப்பனாகிவிட்டான்! பெண்கள் பிழைத்து வருவதைப் பார்த்து அவளுக்கு மகிழ்ச்சி இல்லாமல் இல்லை. ஒவ்வொருத்தி கைப்பிள்ளையோடு இறங்கும்போதும் ஓடிப்போய்ப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத் திரும்பிவந்து, கிடைத்த டயரைக் கம்பியால் குத்துவாள். தங்கச்சியைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. ஒருவேளை மறந்தே போனார்களோ என்னவோ.

அப்போதுதான் மேலிடத்திலிருந்து ஊருக்குப் பாராட்டு விழா என்று சேதி வந்தது. பெரியப்பாவுக்குக் கேடயம். விழாவுக்கு முந்தின நாள் அவரே கடைக்கு வந்தார். நடை தளர்ந்திருந்தது. டயர் அடுக்கின்மேல் பார்த்துப் பார்த்து உட்கார்ந்து, உடம்பு முன்னைப்போல் இல்லை என்றும், விழாவோடு சாவியைக் கைமாற்றிவிடலாம் என்றும், அவள் மேடையில் ஏறிச் சம்மதம் சொன்னால் நன்றாயிருக்கும் என்றும் சுற்றிவளைத்துச் சொன்னார்.

"பழசெல்லாம் நமக்குள்ள எதுக்கும்மா?" என்றார்.

தங்கச்சி மகள் தரையில் உட்கார்ந்து வால்வு மூடிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா அவளை உள்ளே போகச் சொன்னாள்.

"அன்னிக்கி வாசல்ல என்ன சொன்னீங்கன்னு மேடையில சொல்லுங்க பெரியப்பா. சம்மதத்தை அப்புறம் பேசலாம்."

"சட்டப்படிதானே நடந்தேன்?"

"அதையும் சொல்லுங்க."

"சொல்லலைன்னா?"

"நான் சொல்லுவேன். பேர் சொல்லக்கூடாதுங்கறது அந்தக் கூட்டத்துக்குள்ளதான். மேடைக்கு அந்தச் சட்டம் கிடையாது. கேட்டுட்டேன்."

உண்மையிலேயே கேட்டிருந்தாள், அந்த அதிகாரியிடமே. பெரியப்பா எழுந்து போனார்.

விழாவில் நாற்காலி போதாமல் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பஞ்சர் அக்கா கடையை மூடிவிட்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல், முன்வரிசையின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். பேசியவர்கள் எல்லாரும் பெரியப்பாவைத் தெய்வமாக்கினார்கள். ஒருவர் கர்ப்பிணிகளின் காவலன் என்றார்; இன்னொருவர் ஆயிரம் தாய்களின் தாய் என்றார். அக்கா எழுவதற்காகக் கால்களை ஊன்றினாள்.

பெரியப்பா ஒலிபெருக்கியின் முன்னால் வந்து நின்றார். பெரியோர்களே, தாய்மார்களே என்று தொடங்கினார். அவளைப் பார்த்தார். தொடங்கியதை விட்டுவிட்டார்.

"எனக்குக் கேடயம் குடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். பஞ்சர் கடை வீட்டுச் சின்னப் பொண்ணு செத்தப்போ சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு. அவ அக்கா வந்து கால்ல விழுந்தா. ஆம்பளையக் கூட்டிட்டு வான்னு சொன்னேன். வேட்டியில கறை படும்னு காலை இழுத்துக்கிட்டேன்."

அவள் இவ்வளவைத்தான் எதிர்பார்த்திருந்தாள். இதை எத்தனையோ தடவை மனதுக்குள் கேட்டும் பார்த்திருந்தாள். அவர் நிறுத்தவில்லை.

"அப்போ எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து உக்காந்து இப்போ தெரியுது. அவளைவிட மோசமா வந்தவங்கல்லாம் பிழைச்சு எந்திரிச்சுப் போறாங்க. அவ கேட்டப்பவே சாவியக் குடுத்திருந்தா அந்தப் பொண்ணு இன்னிக்கி உயிரோட இருக்கும்."

இதைச் சொல்லும்படி அவள் கேட்கவில்லை. இதற்கு அவள் தயாராகவும் இல்லை. விதி, போகிற உயிர் எப்படியும் போயிருக்கும் என்று இத்தனை காலம் யார் யாரோ சொன்ன ஆறுதலை நம்பாததுபோல இருந்தாளே தவிர, அடிமனதின் ஏதோ ஒரு மூலையில் அதைக் கொஞ்சம் வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அது இப்போது போயிற்று.

பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். என்ன மனசு, எவ்வளவு பெரிய மனுஷர், இதைச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்! கைதட்டல் பரவியது. பெரிதாகிக்கொண்டே வந்தது. பிள்ளைகளும் சேர்ந்து தட்டினார்கள். பெரியப்பாவின் முகம் அந்தச் சத்தத்தில் மெல்லத் தெளிவதை அவள் பார்த்தாள்.

எழுந்து மேடையில் ஏறினாள். ஒலிபெருக்கியின் கழுத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"கை தட்டாதீங்க."

சத்தம் குறைந்தது.

"என் தங்கச்சி செத்ததைத்தான் அவரு சொன்னாரு. அதுக்கா தட்டுறீங்க? கேட்டாச்சுல்ல, எந்திரிச்சு வீட்டுக்குப் போங்க."

கடைசியாகத் தட்டிக்கொண்டிருந்த ஒரு ஜோடிக் கைகளும் நடுவழியில் நின்றுபோயின. ஒருத்தி மடியிலிருந்த பிள்ளையின் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள். பிறகு நாற்காலிகள் நகரும் சத்தம் மட்டும் கேட்டது. கேடயம் மேசையிலேயே இருந்தது. எடுத்துக் கொடுக்கிற தைரியம் யாருக்கும் வரவில்லை. யாரும் எதையும் பேசிக்கொள்ளாமல் அந்த ஊர் கலைந்தது அன்று ஒருநாள்தான்.

மேடையில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள். பெரியப்பா சங்கிலியிலிருந்து சாவியைக் கழற்றி அவள் பக்கம் நீட்டினார்.

"நீ கேட்டதைச் சொல்லிட்டேன்மா. இப்பவாவது சம்மதம் குடுப்பியா?"

"குடுக்க மாட்டேன்."

"ஏம்மா? நான் இருந்தா பொண்ணுங்க பிழைக்கிறாங்கன்னா?"

அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் அதைச் சொல்லி இந்த மனிதருக்கு ஒரு சந்தோஷத்தைக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"ஒவ்வொருத்தி பிழைச்சு இறங்கும்போதும் உங்களுக்கு அவ ஞாபகம் வரும்ல? அதுக்குத்தான்."

பெரியப்பா நீட்டிய கையை மடக்கினார். சாவியை மறுபடி சங்கிலியில் கோக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. அவள் உதவவில்லை. கோத்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு, கடையைத் திறக்கப் போனாள்.